புதுப்பிப்பு: கொன்றைக்கு மருந்து அடிக்கவில்லை

ஐப்பசியில் இங்கே புலம்பியது நினைவிருக்கலாம். காட்பாடி வீட்டுக் கொன்றையின் இலைகளைப் பச்சைப் புழுக்கள் அரித்துத் தின்கின்றன, மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் அடி என்றீர்கள், பாதிப் பேர் விடு என்றீர்கள். சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டேன், அதுதான் உண்மை.

அவை கொன்றை வெள்ளையன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். கொன்றை வகை மரங்களின் இலையில் முட்டையிடும். மரம் சாகவில்லை. மாசியில் புங்கமரம் இலை கொட்டி, பங்குனியில் தளிரும் பூவுமாக நின்றது. காலையில் வாசலில் பொரி இறைத்தது போல. பெருக்கவே மனசு வரவில்லை, அம்மா பெருக்கிவிட்டார்.

இப்போது சித்திரை. வேலூர் வெயிலில் நாம் சுருண்டு கிடக்க, கொன்றை முதல்முறையாகச் சரம் சரமாகத் தொங்குகிறது. அதில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. பெரிய கருவண்டுகள் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் தனியாகக் கேட்கும். ஒருநாள் அரைமணி நேரம் நின்றேன், கேஸ் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

எருக்குச் செடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கிறது. துணிக்கொடியில் தேன்சிட்டு கூடு கட்டுகிறது, சிலந்தி நூலும் சருகும் வைத்து. துணியெல்லாம் இப்போது மொட்டைமாடியில்தான் காய்கிறது.