டிராஃப்ட்டுக்குத் தமிழ் என்ன? பேர்ஸ் அணி பற்றிய மாணவர் பேச்சுக்கு, மே 3-க்குள் வேண்டும்

நேப்பர்வில், ஏப்ரல் 6, 2025

அனைவருக்கும் வணக்கம். சிகாகோ பக்கத்தில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். மே 3 எங்கள் ஆண்டு விழா. வழக்கமாக நாங்களே தலைப்புக் கொடுத்துவிடுவோம், ஔவையார், மரம் வளர்ப்போம் என்று. இந்த வருடம் அவரவர் விருப்பம் என்று விட்டேன். ஏழாம் நிலையில் படிக்கும் ஒரு பையன் 'சிகாகோ பேர்ஸ் அணிக்கு இந்த ஆண்டு யார் தேவை' என்று எடுத்துக்கொண்டான். அமெரிக்கக் கால்பந்து. வீட்டில் ஆங்கிலத்திலேயே மணிக்கணக்காகப் பேசுகிற விஷயத்தைத் தமிழில் பேச வருகிறானே என்று எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அவன் எழுதியது நன்றாகவே இருக்கிறது. போன பருவத்தில் 5 வெற்றி, 12 தோல்வி, அதில் 10 ஆட்டம் தொடர்ந்து தோற்றது, பந்தை எறியும் கேலப் வில்லியம்ஸ் எறிவதற்கு முன்பே 68 முறை கீழே சாய்க்கப்பட்டது, எல்லாம் தெளிவாகத் தமிழில் வந்துவிட்டது. மூன்று இடத்தில்தான் நின்றுபோகிறான்: டிராஃப்ட் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுப்பது), ஆஃப்சீசன் (ஆட்டம் இல்லாத காலம்), ரோஸ்டர் (அணியில் இருப்பவர்களின் பட்டியல்). கூகுளைக் கேட்டு 'பேர்ஸ் வரைவில் பத்தாவதாக இருக்கிறது' என்று எழுதி வந்திருக்கிறான். அவனுடைய பாட்டிக்கு அது புரியவில்லை. பாட்டிக்குப் புரிய வேண்டும் என்பதுதான் என் அளவுகோல். உதவுங்கள்.

மதுரை, ஏப்ரல் 7

அம்மா, கூகுள் தெரியாமல் சொன்னாலும் சரியாகச் சொல்லிவிட்டது. வரைவு என்றால் நகல் என்பது பிற்காலப் பொருள். வரைதல் என்பதற்குக் கோடு இழுத்தல், எல்லை கட்டுதல், தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளுதல், மணத்தல் என்றெல்லாம் பொருள் உண்டு. அகப்பாடல்களில் தோழி தலைவனை வரைவு கடாவுகிறாள், அதாவது சீக்கிரம் மணம் செய்துகொள் என்று வற்புறுத்துகிறாள். குறளில் 92-ஆம் அதிகாரம் வரைவின் மகளிர். அங்கே வரைவு இல்லாமை என்றால் ஒருவருக்கு என்று உரியவராகாமை. பலர் நடுவே ஒருவரைத் தேர்ந்து இவர் இனி எனக்கு உரியவர் என்று கட்டிக்கொள்வதே வரைவு. இவர்கள் செய்வதும் அதுதானே? ஆங்கிலச் சொல்லும் இழுத்தல், வரைதல் என்ற வேரிலிருந்து வந்ததுதான். இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, இப்படி ஒரு பொருத்தம் எளிதில் அமையாது. வினையாகவும் வரும்: வரைந்தார்கள், வரையப்பட்டான். இதை விட்டுவிட்டு வேறு தேட வேண்டாம்.

டெட்ராய்ட், ஏப்ரல் 7

ஐயா சொன்ன வேர் ஆராய்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சொல் செய்வதற்கு முன்னால் பொருள் என்ன என்பதைப் பார்த்துவிடலாம், இந்த விளையாட்டை இருபது வருடமாகப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

என்எஃப்எல் என்ற இந்த லீகில் மொத்தம் 32 அணிகள். கல்லூரியில் ஆடி முடித்தவர்களை இவை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும், 7 சுற்று. இந்த வருடம் மொத்தம் 257 இடம். போன பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும், கோப்பை வென்றது கடைசியில் எடுக்கும். ஆளை அணி தேர்கிறது, ஆளுக்கு அணியைத் தேரும் உரிமை இல்லை. ஐபிஎல் மாதிரி ஏலமும் இல்லை. ஏலத்தில் பணம் பேசும், இங்கே வரிசை பேசும். எந்த இடத்தில் எடுக்கப்பட்டாரோ அதற்கு ஏற்ற சம்பளம் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் 2011-இல் செய்த ஒப்பந்தத்திலிருந்து கிட்டத்தட்ட முன்கூட்டியே முடிவானது.

இந்த ஏற்பாட்டை 1935-இல் முன்மொழிந்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல். பணக்கார அணிகளே நல்ல ஆட்களை அள்ளிக்கொண்டு போகின்றன என்பது அவருடைய குறை. முதல் முறை நடந்தது 1936-இல். முதலில் எடுக்கப்பட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். ஈகிள்ஸ் எடுத்து, பிறகு அந்த உரிமையைப் பேர்ஸுக்கே கொடுத்துவிட்டது. பேர்ஸின் ஜார்ஜ் ஹாலஸோடு சம்பளப் பேச்சு ஒத்துவரவில்லை. முதல் ஆளாக எடுக்கப்பட்ட மனிதர் கடைசிவரை இந்த லீகில் ஆடவே இல்லை! உங்கள் மாணவனிடம் சொல்லுங்கள், அவன் ஊர்க் கதை.

ஆக 'தேர்ந்தெடுத்தல்' மட்டும் போதாது. 'வரிசை' சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

டொராண்டோ, ஏப்ரல் 8

அக்கா, எங்களிடம் தெரிவு என்ற சொல் கைவசம் இருக்கிறது. இலங்கையில் பாராளுமன்றத் தெரிவுக்குழு, தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் என்றெல்லாம் நாளாந்தம் எழுதுவதுதான். பிள்ளைகளுக்கும் விளங்கும். மதுரை ஐயாவிடம் மரியாதையோடு ஒன்று: பேப்பரில் 'வரைவு வாக்காளர் பட்டியல்' என்று வந்தால் எல்லோரும் அதை இறுதியாகாத பட்டியல் என்றுதான் வாசிப்பினம். 'பேர்ஸின் வரைவுப் பட்டியல்' என்றாலும் அதே விளக்கம்தான் வரும். சங்கப் பொருள் எனக்கும் விருப்பம்தான், ஆனால் அந்தப் பாட்டி சங்கம் படித்துவிட்டு விழாவுக்கு வரப்போவதில்லை.

கோயம்புத்தூர், ஏப்ரல் 8

விளையாட்டுச் செய்தி எழுதுகிறவன் நான். தெரிவு என்று நான் எழுதினால் அச்சுப்பிழை என்று நினைத்துத் தேர்வு என்று திருத்திவிடுவார்கள். தேர்வு என்றால் எங்கள் ஊரில் பரீட்சை. 'பேர்ஸ் தேர்வில் பத்தாவது இடம்' என்று தலைப்பு வைத்தால் பத்தாவது ரேங்க் என்று படிப்பார்கள். டிராஃப்ட் என்றே எழுதுங்கள். கிரிக்கெட்டில் விக்கெட்டை என்ன செய்தோம்? இலக்கு என்று வானொலியில் சொல்லிப் பார்த்தார்கள், தெருவில் விளையாடும் பிள்ளை விக்கெட் என்றுதான் கத்துகிறான். நான் தமிழுக்கு எதிரி இல்லை, ஒரு நாளைக்கு எட்டுச் செய்தி தமிழில் எழுதுகிறேன்.

திருநெல்வேலி, ஏப்ரல் 9

நாம் ஏற்கெனவே விளையாடியதை மறந்துவிட்டோமே. கபடிக்கோ கிட்டிப்புள்ளுக்கோ ஆள் பிரிக்கும்போது உத்தி பிரிப்போம். இரண்டு தலைவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சம பலம் உள்ள இருவர் தள்ளிப்போய் ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு தோளில் கைபோட்டு வந்து, பூ வேண்டுமா காய் வேண்டுமா என்பது மாதிரி கேட்பார்கள். தலைவர் ஒன்றைச் சொல்ல, அந்தப் பெயர்க்காரன் அவர் பக்கம். அடுத்த இணைக்கு மற்றவர் முறை. உத்தி என்றே வைக்கலாமே?

மதுரை, ஏப்ரல் 9

உத்தி அழகான வழக்கு, அதை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் இன்று உத்தி என்றால் திட்டம், தந்திரம். தொல்காப்பியத்தில் நூலுக்குரிய முப்பத்திரண்டு உத்திகள் என்று வேறு இருக்கிறது. அது யுக்தியிலிருந்து வந்ததா, உய்த்தல் என்பதோடு தொடர்புள்ள தமிழ்ச் சொல்லா என்ற வழக்கு என் மாணவப் பருவத்திலிருந்து நடக்கிறது. நான் தமிழே என்பேன். உய்த்துணர்தல் என்கிறோம் அல்லவா, அங்கிருந்து

டெட்ராய்ட், ஏப்ரல் 9

ஐயா, மன்னிக்கவும், மடல் பாதியில் நின்றுவிட்டது போல. உத்தியில் ஒரு சிக்கல் எனக்குத் தெரிகிறது. அங்கே தலைவருக்கு யார் எந்தப் பெயர் என்று தெரியாது, அதனால்தான் அது நியாயம். இங்கே ஆளின் உயரம், எடை, 40 கஜ ஓட்ட நேரம் வரை அளந்து வைத்துக்கொண்டு எடுக்கிறார்கள். கண்ணைக் கட்டியதும் கண்ணைத் திறந்ததும் ஒன்றில்லை. யாராவது குடவோலை என்று சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருப்பது சீட்டுக் குலுக்கல். கூடைப்பந்து லீகில் முதல் சில இடங்களைக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள், அங்கே பொருந்தும். கால்பந்தில் குலுக்கல் கிடையாது.

பேர்ஸ் விஷயத்தில் வரிசை எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 2023-இல் முதலிடம் பேர்ஸிடம் இருந்தது. அதைக் கரோலைனா அணிக்குக் கொடுத்து, டி.ஜே. மூர் என்ற ஆட்டக்காரரையும், அந்த வருடத்தின் 9, 61 ஆகிய இடங்களையும், 2024-இன் முதல் சுற்றையும், 2025-இன் இரண்டாம் சுற்றையும் வாங்கினார்கள். அந்தப் பருவத்தில் கரோலைனா கடைசிக்குப் போக, அந்த 2024 இடம் மறுபடி முதலிடமாகி வந்து சேர்ந்தது. அதில் எடுத்தவர்தான் கேலப் வில்லியம்ஸ். பாக்கி இருந்த 2025 இடம் இப்போது 39-ஆவது. அதாவது ஆள் வருவதற்கு முன்பே அந்த இடம் ஒரு சொத்து. அதைக் கொடுத்து ஆளையோ வேறு இடத்தையோ வாங்கலாம்.

திருநெல்வேலி, ஏப்ரல் 10

டெட்ராய்ட் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கு எங்கள் வயல் நினைவுக்கு வந்துவிட்டது. கால்வாய்த் தண்ணீரை முறை வைத்து விடுவார்கள், இன்றைக்கு இந்த மடை, நாளைக்கு அந்த மடை. முறைப்பாசனம் என்று அரசு அறிவிப்பிலேயே வரும். தண்ணீர் இன்னும் வந்திருக்காது, ஆனால் முறை உன்னுடையது. 'உன் முறையை இன்றைக்கு எனக்கு விடு, என் முறையை வியாழக்கிழமை நீ எடுத்துக்கொள்' என்று மாற்றிக்கொள்வதும் உண்டு. அண்ணன் சொல்கிற சொத்து இதுதான். பெர்ட் பெல் செய்தது கடைமடைக்கு முதல் தண்ணீர் கொடுத்த ஏற்பாடு. கடைமடைக்காரன் மகனாகச் சொல்கிறேன், அது சாதாரண நியாயம் இல்லை.

எனவே முறை உள்ளே வரட்டும். டொராண்டோ அக்காவின் தெரிவையும் சேர்த்து முறைத்தெரிவு. 'பேர்ஸுக்கு முறைத்தெரிவில் பத்தாவது முறை.'

டொராண்டோ, ஏப்ரல் 10

ஓம், இது சரி. பத்தாவது முறை என்றால் பத்துத் தரம் என்றும் விளங்கும், அதனால் பத்தாவது இடம் என்று எழுதலாம்.

கோயம்புத்தூர், ஏப்ரல் 11

முறைத்தெரிவு கேட்க நன்றாக இருக்கிறது. முதல் தடவை 'டிராஃப்ட் எனப்படும் முறைத்தெரிவு' என்று எழுதினால் நானே பயன்படுத்துவேன். நடுவில் த் வருமா என்று யாரும் சண்டை தொடங்க வேண்டாம், முறையால் செய்யும் தெரிவு, உருபும் பயனும் தொக்கது, மிகும்.

ஆஃப்சீசனுக்கு ஓய்வுப் பருவம் என்று எழுதாதீர்கள். யாரும் ஓய்வெடுப்பதில்லை. ஜனவரியில் டெட்ராய்ட்டிலிருந்து பென் ஜான்சனைத் தலைமைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். மார்ச்சில் ஜோ தூனி, ஜோனா ஜாக்சன் இருவரையும் வேறு அணிகளிடமிருந்து வாங்கி, ட்ரூ டால்மனை நடுவில் நிறுத்த ஒப்பந்தம் செய்தார்கள். 68 முறை சாய்க்கப்பட்ட பையனுக்கு முன்னால் மூன்று புதுச் சுவர். இதற்குப் பெயர் ஓய்வா? மீன்பிடித் தடைக்காலத்தில் ராமேஸ்வரத்தில் போய்ப் பாருங்கள், கடலுக்குப் போகாத அந்த 61 நாளும் படகுக்கு மரவேலை, வலை பின்னல். அதே மாதிரிக் காலம் இது.

மதுரை, ஏப்ரல் 11

கோடை உழவு என்று சொல்லலாமே. விதைப்புக்கு முந்திய உழவு, கோடை உழவு கோடி நன்மை என்பார்கள்.

நேப்பர்வில், ஏப்ரல் 13

ஐயா, கோடை உழவைப் பேச்சின் தொடக்கத்தில் உவமையாக வைத்துக்கொள்கிறோம், பாட்டிக்கு அது கண்டிப்பாகப் பிடிக்கும். சொல்லாக இடைப்பருவம் போதும், இரண்டு பருவத்துக்கு இடைப்பட்ட காலம். ரோஸ்டருக்கு அணிப்பட்டியல். கோடையில் 90 பேர் இருந்து ஆட்டம் தொடங்குமுன் 53 ஆகக் குறைப்பதை அவன் 'பட்டியலில் 37 பெயரை அடிப்பார்கள்' என்று எழுதியிருக்கிறான், நான் திருத்தவில்லை.

இப்போது பேச்சின் நடுப்பகுதி இது. பந்து எறிபவரைக் காக்கும் சுவரின் இடது ஓரத்தில் நிற்கும் ப்ராக்ஸ்டன் ஜோன்ஸ் டிசம்பரில் கணுக்கால் முறிந்தவர், அதனால் 10-ஆவது இடத்தில் அந்த ஓரத்துக்குத்தான் ஆள் எடுக்க வேண்டும். அடுத்து, எதிரணியில் பந்து எறிபவர் மேல் பாயும் மான்டெஸ் ஸ்வெட்டுக்கு மறுபக்கத்தில் பாய ஒருவர், அப்புறம் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட ஒருவர்.

டெட்ராய்ட், ஏப்ரல் 13

தேவையைப் பார்த்து எடுப்பதா, அப்போது மிச்சமிருப்பதில் சிறந்தவரை எடுப்பதா என்பது இந்த விளையாட்டின் தீராத வழக்கு. பேச்சில் ஒரு வரி அதற்கும் இடம் விடச் சொல்லுங்கள். முறைத்தெரிவு தொடங்கும் 24-ஆம் தேதி என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நேப்பர்வில், ஏப்ரல் 27

வணக்கம். நடுப்பகுதியை முழுக்க மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். 10-ஆவது இடத்தில் பேர்ஸ் எடுத்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கோல்ஸ்டன் லவ்லண்ட். அவர் ஆடும் இடத்தில் ஏற்கெனவே கோல் கெமெட் இருக்கிறார். 39-இல் பந்து பிடிக்கும் லூதர் பர்டன். பையன் கேட்ட இடது ஓரத்துக்கு ஆஸி ட்ரபிலோ வந்தது 56-இல்தான். வியாழக்கிழமை இரவு அவனுக்குக் கோபம், நேற்று வகுப்பில் இப்படி எழுதிக் காட்டினான்: 'அவர்கள் தேவையை எடுக்கவில்லை, விருப்பத்தை எடுத்தார்கள். நான் பயிற்சியாளராக இருந்தால் முதலில் வீட்டுக்குச் சுவர் வைப்பேன், பிறகு சன்னல் வைப்பேன்.' எந்த இடத்திலும் அவனுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

முறைத்தெரிவு, இடைப்பருவம், அணிப்பட்டியல் மூன்றையும் நிகழ்ச்சி நிரலில் அச்சிடக் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

மதுரை, ஏப்ரல் 27

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். முறைத்தெரிவு பெயராக மட்டும் நிற்கிறது. வினை வேண்டும்போது என்ன செய்வீர்கள்? முறைத்தெரிவு செய்யப்பட்டார் என்று ஏழு அசை இழுப்பீர்களா? வரைந்தார்கள் என்று ஒரே சொல்லில் முடிந்திருக்கும்.

நேப்பர்வில், ஏப்ரல் 27

ஐயா, அவன் 'எடுத்தார்கள்' என்றே எழுதியிருக்கிறான், நானும் அப்படியே விட்டிருக்கிறேன்.

டெட்ராய்ட், ஏப்ரல் 28

ஏழு சுற்றிலும் யாரும் எடுக்காமல், பிறகு தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டு வருபவரை என்ன சொல்வது? ஒவ்வோர் அணியிலும் ஆண்டுதோறும் பலர் இப்படி வருகிறார்கள், அவனுடைய பேச்சிலும் ஒருவர் இருக்கிறார். எடுபடாதவர் என்றால் மனம் நோகும் சொல்லாக இருக்கிறதே.

திருநெல்வேலி, ஏப்ரல் 28

முறைக்கு வெளியே பாயும் தண்ணீருக்கு எங்கள் பக்கம் ஒரு சொல் இருந்தது. அப்பாவிடம் கேட்டு இன்றைக்கு இரவுக்குள் எழுதுகிறேன்.