பேய் வந்தது, அரங்கமே சிரித்தது: கொரியாவில் நமக்கு நேர்ந்தவை

சுவோன்காரன்:

நண்பர்களே, கொரியாவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பேய்ப்படம் என்றால் நான் பார்ப்பதே இல்லை. ஊரிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். போன ஜூலையில் லேபில் கூட வேலை பார்க்கும் கொரிய நண்பர் ஒருவர், "ஒரே ஒரு ராத்திரி வா" என்று புச்சன் திரைப்பட விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திகில், மாயம், விசித்திரக் கதை இவற்றுக்காகவே 1997இல் தொடங்கிய விழா அது. கோடையில் நடக்கும். இங்கே பேய்க்கதைக்குப் பருவமே கோடைதான். பயத்தில் முதுகு சில்லிட்டால் வெயில் தெரியாது என்பது இவர்கள் கணக்கு. டிவியிலும் அந்த மாதங்களில்தான் பேய் நிகழ்ச்சிகள் அதிகம் வரும்.

நாங்கள் பார்த்தது, குட்டிக் குட்டி அமானுஷ்யக் கதைகளைக் கோத்த ஒரு நகைச்சுவைப் படம். அதில் ஒரு கதை மட்டும் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. வெள்ளை உடுப்பு, முகத்தை மறைக்கும் நீளக் கூந்தல். கல்யாணமாகாமல் இறந்த பெண்ணின் ஆவி இப்படித்தான் வரும் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். அவள் வந்து நின்றதும் நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. ஏனென்றால் அவள் பேச வாயெடுக்கும்போதெல்லாம் எதிரில் இருக்கும் ஆள் மயங்கி விழுந்துவிடுகிறான். தண்ணீர் தெளித்து எழுப்புகிறாள், மறுபடியும் விழுகிறான். கடைசியில் ஒருவழியாக அவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாள். அவ்வளவு சிரித்த கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. இவ்வளவு பயப்படுகிற ஒன்றைப் பார்த்து இவ்வளவு அன்பாக எப்படிச் சிரிக்க முடிகிறது? இங்கே இருப்பவர்களும் இருந்துவிட்டுப் போனவர்களும் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். பேயைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று இல்லை. ஆவிகளோடு இந்த மக்கள் பழகுகிற விதத்தை நேரில் பார்த்திருந்தால் போதும்.

பூசான் அக்கா:

தம்பி, நீங்கள் படத்தில் பார்த்த பெண்ணின் ஊருக்கு நான் போயிருக்கிறேன். மிர்யாங். பூசானிலிருந்து ரயிலில் பக்கம்தான். ஆற்றங்கரை மேட்டில் யோங்நம்னு என்று பெரிய மர மண்டபம் இருக்கிறது. அதற்குக் கீழே மூங்கில் தோப்பு, தோப்பை ஒட்டி ஒரு சின்னக் கோயில். அது ஆராங் என்ற பெண்ணுக்கு.

ஜோசோன் அரசர்கள் காலத்துக் கதை. அந்த ஊர் அதிகாரியின் மகள் ஆராங். செவிலித்தாயே உடந்தையாக இருந்து நிலாப் பார்க்க வரச்சொல்லி வெளியே அழைத்து வர, ஒருவன் அவளைப் பலாத்காரம் செய்யப் பார்க்கிறான். அவள் இணங்கவில்லை. குத்திக் கொன்று மூங்கில் தோப்பில் போட்டுவிடுகிறான். மகள் ஓடிப்போய்விட்டாள் என்று நினைத்து, அப்பா அவமானத்தில் பதவியை விட்டே போகிறார். அதற்குப் பிறகு அந்த ஊருக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு அதிகாரியும் முதல் ராத்திரியே செத்துக் கிடக்கிறார்.

அவள் யாரையும் கொல்லவில்லை. மனு கொடுக்க வருகிறாள், அவ்வளவுதான். ரத்தம் வழிய வந்து நிற்பவளைப் பார்த்த மாத்திரத்தில் அந்த ஆட்கள் பயத்திலேயே உயிரை விட்டுவிடுகிறார்கள். கடைசியில் துணிச்சலான ஒருவர் வந்து, விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "சொல்லம்மா" என்று கேட்கிறார். நாளைக்கு நான் பட்டாம்பூச்சியாக வந்து கொன்றவன் தொப்பியில் உட்காருவேன் என்கிறாள். மறுநாள் பணியாட்களை எல்லாம் கூட்டி நிறுத்துகிறார், பட்டாம்பூச்சி வருகிறது, ஆள் பிடிபடுகிறான். அவள் உடலைக் கண்டெடுத்து முறைப்படி அடக்கம் செய்த பிறகு அந்த ஊரில் பேய் வரவே இல்லை.

அந்தக் கோயில் வாசலில் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் ஊர்களிலும் கொலையுண்ட பெண்களை அம்மனாக வைத்துக் கும்பிடுகிறோம் இல்லையா, எங்கள் அம்மா வழியில் அப்படி ஒரு குலதெய்வம் உண்டு. படையல் போடும்போது பாட்டி அழுவார். அந்த ஞாபகம்தான் வந்தது. உங்கள் அரங்கத்துப் பெரியம்மா ஏன் கண்ணைத் துடைத்தார் என்று எனக்குப் புரிகிறது. விழுந்து விழுந்து மயங்கும் அதிகாரிகளைப் பார்த்துத்தான் அங்கே எல்லோரும் சிரித்திருப்பார்கள். அவளைப் பார்த்து யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

தேஜோன் மாணவன்:

அக்கா எழுதியதற்குப் பிறகு என்னுடையது சின்ன விஷயம். ஆனாலும் படம் சம்பந்தப்பட்டது என்பதால் எழுதுகிறேன்.

வெளிநாட்டு முகம் வேண்டும் என்று ஒரு மாணவர் குறும்படத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். முதல் நாள் கேமராவைத் தொடுவதற்கு முன்னால் மேசையில் வேகவைத்த பன்றித்தலை ஒன்றை வைத்தார்கள். பழம், காய்ந்த மீன், அரிசிக் கேக், மக்கோலி என்ற அரிசிக் கள். இதற்குக் கோசா என்று பெயர். பெரிய படம், சின்னப் படம், புதுக் கடை, புது வண்டி எதுவானாலும் இதைச் செய்கிறவர்கள் உண்டு. இயக்குநர் தரையில் விழுந்து கும்பிட்டு, பணத்தாளைச் சுருட்டிப் பன்றியின் வாயில் செருகினார். அப்புறம் ஒவ்வொருவராகப் போனோம். பன்றி சிரித்த முகமாக இருக்க வேண்டுமாம். சிரிக்கிற தலைக்கு விலை கூடுதல், கிடைப்பதும் கஷ்டம் என்று ஒலிப்பதிவு செய்த அண்ணன் சொன்னார்.

என் முறை வந்தபோது தயங்கவே இல்லை. படப் பூஜையில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நாங்கள் எடுத்தது பேய்க்கதை. "பேயைப் பற்றிப் பேசப் போகிறோம், முதலில் சொல்லிவிட்டுப் பேசுவதுதானே மரியாதை" என்றார் இயக்குநர். அப்படித்தான் எனக்கும் பட்டது.

ஜோஞ்சுவில் இருந்தவள்:

நான் இரண்டரை வருஷம் ஜோஞ்சுவில் ஒரு ஹல்மோனி, அதாவது பாட்டி, வீட்டு மாடியறையில் இருந்தேன். பேய் என்றால் உடனே வெள்ளை உடுப்புதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. சிரிப்புக் கதை என்றால் அந்தப் பாட்டிக்குத் தொக்கேபிதான்.

தொக்கேபி செத்த மனிதனின் ஆவி இல்லை. பழைய துடைப்பம், உலக்கை மாதிரி வீட்டில் புழங்கித் தேய்ந்த சாமானில், அதுவும் மனித ரத்தம் பட்ட சாமானில், தானாக உண்டாகும் ஒன்று. ராத்திரியில் வழிமறித்து மல்யுத்தத்துக்கு வா என்று கூப்பிடும். விடிய விடியக் கட்டிப் புரண்டு, கடைசியில் அதைப் பிடித்து மரத்தில் கட்டிவிட்டு வந்து காலையில் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு பழைய துடைப்பம்தான் இருக்கும். பக்வீட் மாவில் கிண்டி, கட்டியாக உறையவைக்கிற முக் என்றால் அதற்கு உயிர். மக்கோலியும் பிடிக்கும். ஞாபகசக்திதான் கிடையாது.

பாட்டி சொன்ன ஒன்று. ஒரு ஏழை ஆளிடம் தொக்கேபி கொஞ்சம் காசு கடன் வாங்குகிறது. மறுநாள் சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதற்கு மறுநாள் மறுபடியும் வந்து, "நேற்று உன்னிடம் வாங்கினேனே, இந்தா" என்கிறது. கொடுத்ததே மறந்துபோய்த் தினமும் வந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆள் பணக்காரன் ஆகிவிடுகிறான்.

இன்னொன்று இதைவிட எனக்குப் பிடித்தது. ஒரு விவசாயிமேல் தொக்கேபிகளுக்குக் கோபம். ஒரே ராத்திரியில் அவன் வயல் முழுக்கக் கல்லைக் கொட்டிவிட்டுப் போகின்றன. காலையில் வந்து பார்த்த விவசாயி, அவை மறைந்திருந்து கேட்கும் என்று தெரிந்து உரக்கச் சொல்கிறான்: "அடடா, கல்! மூன்று வருஷத்துக்கு உரமே வேண்டாம்! சாணியை மட்டும் கொட்டியிருந்தால் நான் தொலைந்தேன்!" மறுநாள் காலையில் வயலில் ஒரு கல் இல்லை. வரப்பு வரைக்கும் சாணி.

இதைச் சொல்லும்போது பாட்டி தொடையில் தட்டிச் சிரிப்பார். ஒருநாள், "உண்மையிலேயே பார்த்திருக்கிறீர்களா ஹல்மோனி?" என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டார். சின்ன வயதில் அப்பாவோடு மலைப்பாதையில் வரும்போது எதிர்ச்சரிவில் நீல நெருப்பு வரிசையாக நகர்ந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். தொக்கேபி நெருப்பு. அப்பா ஒன்றும் பேசாமல் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். நம் ஊர் கொள்ளிவாய்ப் பிசாசுதான். எங்கள் தாத்தா வயலில் பார்த்ததாகச் சொன்னதும் இப்படியேதான் இருக்கும். பாட்டியிடம் அதைச் சொன்னேன். "உங்கள் ஊரிலும் உண்டா?" என்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பாஜு பக்கம் வேலை:

நான் கேட்டது நவீன காலத்துப் பேய். சோலிலிருந்து பாஜுவுக்கு ஹான் ஆற்றை ஒட்டிப் போகும் ஜாயுரோ நெடுஞ்சாலை. ராத்திரி ஒரு மணிக்கு டாக்சியில் வந்தபோது ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறி, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. ஓட்டுநர் மெதுவான குரலில் சொன்னார்: இந்த வழியில் கறுப்புக் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி ஓரத்தில் நிற்பாளாம். ராத்திரியில் எதற்குக் கண்ணாடி என்று கிட்டப் போய்ப் பார்த்தால் அது கண்ணாடியே இல்லை, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. அன்றைக்கு வீடு வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. வாடகை கொடுக்கும்போது ஓட்டுநர் சொன்னார், "இந்தக் கதையைச் சொன்னால் எனக்குத் தூக்கம் வராது, அதனால்தான் சொல்கிறேன்." அந்தச் சாலையில் நடந்த விபத்துகள் பற்றியும் சொன்னார். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

சுவோன்காரன்:

அக்கா, ஆராங் கதையைப் படித்துவிட்டு நண்பரிடம் கேட்டேன். படத்தில் மயங்கி விழும் ஆள் வந்ததுமே அரங்கத்தில் எல்லோருக்கும் ஆராங்தான் ஞாபகம் வந்திருக்கும் என்றார். எனக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

சிரிப்பையும் பேயையும் இப்படிக் கலப்பது புதிய பழக்கமும் இல்லையாம். யூ மொங்-இன் என்ற அறிஞர் 1621 வாக்கில் தொகுத்த ஓவு யாதாம் என்ற நூலில் அரசவைச் செய்தி, ஊர்வம்பு, வேடிக்கை, ஆவிக்கதை எல்லாம் கலந்தே கிடக்கும் என்றார். சிரிப்பை ஒரு அறையிலும் பயத்தை இன்னொரு அறையிலும் வைக்கிற வழக்கமே அங்கே இருந்ததில்லை போலிருக்கிறது. குட்டிக் கதைகளைக் கோத்த படம் இவர்களுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாட்டியும் ஒரே மூச்சில் ஒரு கதையா சொல்கிறார்? சாணிக் கதை, உடனே நீல நெருப்பு.

இன்னொன்றும் சொன்னார். கறுப்பு அங்கியும் கறுப்புத் தொப்பியுமாக உயிரை வாங்க வரும் தூதர் இருக்கிறாரே, அந்த உருவத்தை ஊர் முழுக்கப் பரப்பியது 1977இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடர்தானாம். பழைய பௌத்த ஓவியங்களில் அவர் நிறம் நிறமாக உடுத்தியிருப்பார்.

தேகு வீட்டுக்காரி:

நான் ஒரு கொரியக் குடும்பத்தில் மருமகளாக வந்தவள். பேயைப் பார்த்ததில்லை. ஆனால் வருஷத்துக்குச் சில தடவை இறந்தவர்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள்.

வீடு மாறும்போதே தெரிந்துகொண்டேன். சோன் என்ற ஒரு தீய சக்தி இரண்டு நாளுக்கு ஒரு திசையில் சுற்றுமாம். சந்திர மாதத்தில் 9, 0 என்று முடியும் தேதிகளில் மட்டும் அது மேலே போய்விடும். அந்த நாட்களில்தான் எல்லோரும் வீடு மாறுகிறார்கள், வண்டிக்காரர்களும் அன்றைக்கு விலையைக் கூட்டிவிடுகிறார்கள். நானும் கூடுதல் பணம் கொடுத்து அன்றைக்கே மாறினேன். ராகுகாலம் பார்க்கிற வீட்டில் பிறந்துவிட்டு இதைக் கேள்வி கேட்க எனக்கு மனசு வரவில்லை.

இறந்தவர்களுக்குப் படையல் வைப்பதற்கு இங்கே ஜேசா என்று பெயர். நான் பார்த்த முதல் ஜேசா மாமனாரின் அப்பாவுக்கு. படையலுக்கு வைக்கலாம் என்று நல்ல பீச் பழம் வாங்கி வந்தேன். மாமியார் பார்த்ததும் பதறிப்போய் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பீச் ஆவிகளை விரட்டுமாம், தாத்தா எப்படி உள்ளே வருவார்? மிளகாயும் பூண்டும் கூடாது. நம் திதிச் சமையலில் வெங்காயம் பூண்டு விலக்குகிற மாதிரிதான் என்று சொன்னேன். அன்றைக்குத்தான் மாமியார் என்னை முதல் தடவையாகக் கட்டிக்கொண்டார்.

ராத்திரி, விளக்கைக் கொஞ்சம் குறைத்து, தாத்தா வர வேண்டும் என்று வாசல் கதவைத் திறந்துவைத்தார்கள். சோற்றில் கரண்டியை நட்டார்கள். எல்லோரும் விழுந்து கும்பிட்ட பிறகு, அவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று திரும்பி நின்றோம். அந்த அமைதியில் மாமனார் திடீரென்று சொன்னார்: "அப்பா மீனை முதலில் முடித்துவிடுவார். சீக்கிரம் திரும்பாதீர்கள், வெட்கப்படுவார்." எல்லோரும் சிரித்துவிட்டோம். மாமனார் கண்ணில் தண்ணீர் நின்றது.

எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. அமாவாசைக்குக் காக்கா சோறு எடுக்கத் தாமதமானால் அம்மா மாடியில் நின்று, "கோபமா? வாங்க, உங்களுக்குப் பிடிச்ச வாழைக்காய்தான்" என்று கூப்பிடுவார்.

சாப்பாட்டை எடுத்து வைத்த பிறகு குளிர்கிறதே என்று கதவைச் சாத்தப் போனேன். மாமியார் உள்ளேயிருந்து, "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா, அவர் மெதுவாகத்தான் நடப்பார்" என்றார்.