மெர்சாத் பெர்பெர் அச்சுப் படங்கள் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. போஸ்னிய ஓவியர் மெர்சாத் பெர்பெர் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1940-இல் போசான்ஸ்கி பெத்ரோவாட்ச் ஊரில் பிறந்தவர், லியூப்லியானா கலைக்கல்லூரியில் படித்தவர். போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் ஓவிய ஆசிரியராக இருந்தார். 1992-இல் போஸ்னியாவில் போர் வந்ததும் குரோவாசியத் தலைநகர் ஸாக்ரெப் போய்விட்டார், 2012-இல் அங்கேயே காலமானார். அந்தப் போரில், 1995-இல் போஸ்னிய முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையில் இறந்தவர்களுக்காக அவர் வரைந்த பெரிய ஓவியங்களைப் பார்த்தால் மனசு கனத்துப்போகிறது. பெரிய சோகத்தை இவ்வளவு கண்ணியமாக வரைந்தவர்கள் குறைவு என்பது என் கருத்து.

எனக்குச் சிக்கல் அவருடைய வண்ண மரச்செதுக்கு அச்சுகளில்தான் (மரப்பலகையில் படத்தைச் செதுக்கி, மை பூசித் தாளில் அச்சிடுவது). உஸ்மானியக் கால உடையில் பெண்கள், வெள்ளைக் குதிரைகள், இடையிடையே பொன் நிறம். இத்தனை நிறங்களுக்கும் தனித்தனிப் பலகை செதுக்குவார்களா, அல்லது ஒரே பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி அச்சிடுவார்களா? பொன் நிறம் கடைசியில்தான் ஏறுமா? மரச்செதுக்கு செய்கிறவர்கள் யாராவது படத்தைப் பார்த்துச் சொன்னால் பெரிய உதவி.

அப்புறம், சரயேவோ, ஸாக்ரெப் பக்கம் இருப்பவர்கள், போகிறவர்கள் யாராவது உண்டா? அவருடைய அச்சுகளை நேரில் பார்த்தால், அனுமதி இருந்தால், மை படிந்திருக்கும் விதம் தெரியும்படி கிட்டத்திலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இங்கேயே பின்னூட்டத்தில் போடலாம்.