இரண்டு புள்ளிகள் வழியே செல்லும் கோட்டின் சாய்வு: விடை ஏன் மாறி மாறி வருகிறது?

கேள்வி:
(−2, 7), (4, −5) வழியே செல்லும் கோட்டின் சாய்வு என்ன? ஒரு முறை போட்டால் 2, இன்னொரு முறை −6 வருகிறது. விடைப் பகுதியில் −2 என்று இருக்கிறது. அடுத்த கணக்கு (3, −1), (3, 6). 0 என்று எழுதினேன், அதுவும் தவறாம். எங்கே பிசகுகிறது?

பதில் 1:
சாய்வு என்பது கோடு எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதன் அளவு: மேலே y மதிப்புகளின் வித்தியாசம், கீழே x மதிப்புகளின் வித்தியாசம். உங்களுக்கு வந்த 2, −6 இரண்டும் வெவ்வேறு பிழைகள். 2 வந்தது வரிசை மாறியதால். மேலே 7 − (−5) = 12 என்று முதல் புள்ளியில் தொடங்கிவிட்டு, கீழே 4 − (−2) = 6 என்று இரண்டாம் புள்ளியில் தொடங்கியிருக்கிறீர்கள். எந்தப் புள்ளியில் வேண்டுமானாலும் தொடங்கலாம், ஆனால் மேலேயும் கீழேயும் அதே புள்ளியாக இருக்க வேண்டும். −6 வந்தது, 4 − (−2) என்பதை 4 − 2 என்று சுருக்கியதால்.

சரியாக எழுதினால் (−5 − 7) / (4 − (−2)) = −12/6 = −2. தொடக்கப் புள்ளியை மாற்றினால் 12/(−6), அப்போதும் −2தான். மைனஸ் எண்ணைப் பிரதியிடும்போது அடைப்புக்குறியை விடவே விடாதீர்கள். இந்தப் பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

பதில் 2:
இரண்டாவது கணக்கில் கிடைப்பது (6 − (−1)) / (3 − 3) = 7/0. 0/7 என்றால் 0. ஆனால் 7/0 என்று ஒரு எண்ணே கிடையாது, ஏனென்றால் 0 உடன் எதைப் பெருக்கினாலும் 7 வராது. அது நேர்க்குத்தான கோடு, சாய்வு வரையறுக்கப்படவில்லை என்றே எழுத வேண்டும். சாய்வு 0 ஆவது கிடைமட்டக் கோட்டுக்கு, உதாரணமாக (−1, 3), (6, 3). 0/0 வந்தால் ஒரே புள்ளியை இருமுறை எழுதிவிட்டீர்கள் என்று பொருள்.

பதில் 3:
விடையைச் சரிபார்க்க: சாய்வு −2 என்றால் வலப்பக்கம் 1 நகரும்போது 2 இறங்க வேண்டும். (−2, 7)இலிருந்து 6 நகர்ந்தால் 12 இறங்கி −5. பொருந்துகிறது. வரைபடத்தில் பார்ப்பதென்றால் இரண்டு அச்சிலும் ஒரே அளவுத்திட்டம் எடுங்கள். இல்லாவிட்டால் கோடு இருப்பதைவிடச் செங்குத்தாகவோ படுத்தோ தெரியும்.

கேட்டவர்:
புரிந்தது. (2, க), (5, 8), சாய்வு 3 என்று கொடுத்து 'க' கேட்டால்?

பதில் 1:
அதே வாய்பாடுதான். (8 − க) / (5 − 2) = 3. ஆக 8 − க = 9, க = −1. 'க' = 1 என்று முடித்துவிடாதீர்கள்.