மூக்கில் ரத்தம், மூளையில் சீழ்க்கட்டி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தக்கலையிலிருந்து கேள்வி: அண்ணனுக்குச் சின்ன வயசிலிருந்தே மூக்கில் ரத்தம் வடியும், உதட்டிலும் நாக்கிலும் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள். அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. பல் பிடுங்கிய பிறகு காய்ச்சல், தலைவலி, அப்புறம் வலிப்பு. மூளையில் சீழ்க்கட்டியாம். 'எச்எச்டி' என்ற பரம்பரை ரத்தக்குழாய் நோய் என்கிறார்கள். மூக்குக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

மார்த்தாண்டம்: சம்பந்தம் நுரையீரலில் இருக்கிறது, அக்கா. இந்த நோயில் மூக்கில் போலவே அங்கேயும் ரத்தக்குழாய்கள் கோளாறாகி, தமனியும் சிரையும் நேராக இணைந்துவிட்டால் கிருமியும் ரத்தக்கட்டியும் வடிகட்டப்படாமல் மூளைக்குப் போய்விடும். பக்கவாதமும் இப்படி வரலாம். என் மாமியாருக்கு சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அந்தக் குழாயைக் கம்பிச்சுருள் வைத்து அடைத்தார்கள். இனி பல் வேலைக்கு முன் ஆன்டிபயாடிக் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். டிரிப்ஸில் காற்றுக்குமிழி போகவே கூடாது.

குளச்சல்: அப்பாவுக்கு இருந்தால் உங்களுக்கும் 50 சதவீத வாய்ப்பு. பபிள் எக்கோ (நுரையீரலில் அந்த இணைப்பு இருக்கிறதா என்று காட்டும் இதய ஸ்கேன்), மூளை எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரி நமக்குப் பக்கம்தானே.

தக்கலை: சரி. என் மகனுக்கும் மூக்கில் ரத்தம் வருகிறது, அவனையும் கூட்டிப் போகிறேன்.