மெரூன் நிற இரட்டைப் பட்டை ஷூவை அலுவலகத்துக்கு அணிந்து செல்லலாமா?

கேள்வி: கிண்டி கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் பணிபுரிகிறேன். முழுக்கைச் சட்டை, ஃபார்மல் பேண்ட், தோல் ஷூ ஆகியவைதான் எங்கள் அலுவலகத்தின் உடை விதி. வாடிக்கையாளரைச் சந்திக்கச் செல்லும் நாள்களில் மட்டும் கோட் அணிவோம். ஷூவின் நிறத்தைப் பற்றி அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை. ஆயினும் எங்கள் தளத்தில் ஏறக்குறைய எல்லோர் காலிலும் கறுப்பு ஷூதான். அரிதாகச் சிலர் பழுப்பு அணிகிறார்கள்.

நெடுநாள் ஆசைப்பட்டு, அடர்ந்த மெரூன் நிறத்தில் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். அதற்கு லேஸ் கிடையாது. பாதத்தின் மேலே குறுக்காக இரண்டு தோல் பட்டைகள் வந்து, வெளிப்பக்கத்தில் இரண்டு பித்தளை நிற பக்கிள்களில் மாட்டிக்கொள்கின்றன. முன்முனையில் சிறு துளைகளாலான பூ வேலைப்பாடும் உண்டு. திருமணங்களுக்கு மட்டும் போடுவதற்காக இதை வாங்கவில்லை; அன்றாடம் வேலைக்கு அணிய வேண்டும் என்பதே விருப்பம். எந்த நிற பேண்டுடன் இது பொருந்தும், வாடிக்கையாளர் முன்னிலையில் அணிந்தால் மரியாதைக் குறைவாகத் தோன்றுமா, பெல்ட்டும் இதே நிறத்தில் வாங்கியாக வேண்டுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கிளை மேலாளர்

தம்பி, தாராளமாக அணியலாம்; ஆனால் எதனுடன், எந்த நாளில் என்பதில் கவனம் வேண்டும்.

உங்கள் ஷூவில் நிறம், பக்கிள், துளை வேலைப்பாடு என்று பார்வையை இழுக்கும் மூன்று அம்சங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. மூன்றும் ஒன்றாக இருப்பதால், கணுக்காலுக்கு மேலே உள்ள உடை முழுவதும் அடக்கமாக இருக்க வேண்டும். அடர்நீல பேண்டும் கரிச்சாம்பல் நிற பேண்டும் மெரூனுக்கு மிக நன்றாகப் பொருந்தும். கறுப்பு பேண்டுடன் அணிந்தால் தவறில்லை என்றாலும், குழல்விளக்கு வெளிச்சத்தில் மெரூனும் மங்கிய கறுப்புபோலத் தெரியும் என்பதால் இவ்வளவு ஆசையாக வாங்கியதன் பயன் போய்விடும். சட்டை வெள்ளையாகவோ வெளிர்நீலமாகவோ, கட்டமும் கோடும் இல்லாமல் இருக்கட்டும்.

பலரும் கவனிக்கத் தவறும் இடம் பேண்டின் கீழ்மடிப்பு. லேஸ் வைத்த ஷூவுக்குத் தைத்த பேண்ட், பட்டை வைத்த ஷூவின் மேல் விழும்போது துணி மேல் பக்கிளின் மீது மடிந்து உட்காரும். பாதி பக்கிள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், நடக்க நடக்கத் துணியும் அங்கே தேய்ந்து நூல் பிரியும். தையற்காரரிடம் இந்த ஷூவையே அணிந்துகொண்டு போய் நின்று, துணி மேல் பக்கிளைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி ஏற்றித் தைக்கச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் விஷயத்தில் என் கருத்து சற்றுப் பழமையானதாக இருக்கலாம். தணிக்கையாளர் என்பவர் பிறர் கணக்கில் உள்ள குறையை அவர்களிடமே எடுத்துச் சொல்ல வேண்டியவர். முதல் சந்திப்பில் எதிரே அமர்ந்திருப்பவரின் கவனம் உங்கள் முகத்திலும் பேச்சிலும் நிலைத்திருப்பதே நல்லது. ஆகவே அன்று கறுப்பு அணியுங்கள். உங்கள் வேலையை அவர்கள் அறிந்துகொண்ட பிறகு மெரூனோடு போகலாம். பழைய வணிகக் குடும்பங்களின் அலுவலகங்களில் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டுச் செல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆகையால் சாக்ஸ் பேண்டின் நிறத்தை ஒட்டியதாக, கிழிசல் இல்லாததாக இருக்க வேண்டும். அத்தகைய இடங்களில் பக்கிள் ஷூ வசதியானது என்பதையும் சொல்ல வேண்டும், குனிந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பெல்ட் அச்சு அசலாக அதே மெரூனில் கிடைப்பது கடினம். ஏறத்தாழப் பொருந்தும் இன்னொரு சிவப்பை அணிவதைவிட, அடர்பழுப்புப் பெல்ட்டே மேல். ஆனால் அதன் பக்கிள் ஷூவின் பக்கிளைப் போலப் பித்தளை நிறத்தில் இருக்கட்டும்.

மறுமொழி: லண்டன்வாழ் வாசகர்

ஐயா சொன்ன உடைப் பொருத்தத்தை முழுமையாக ஏற்கிறேன். முதல் சந்திப்புக்குக் கறுப்புதான் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் லண்டனில் நிதித்துறையில் வேலை செய்கிறேன். நகரத்துக்குள் பழுப்பு ஷூ கூடாது என்ற எழுதப்படாத விதி இங்கே பல தலைமுறைகளாக இருந்து வந்தது. கறுப்பு தொழிலுக்கு, பழுப்பு நாட்டுப்புறத்துக்கும் ஓய்வு நாளுக்கும் என்பது அதன் பொருள். 2016இல் பிரிட்டனின் சமூக முன்னேற்றத்துக்கான ஆணையம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, முதலீட்டு வங்கிகளில் வேலைக்கு வருபவர் கோட் சூட்டுடன் பழுப்பு ஷூ அணிந்திருந்தால் அதுவே அவருக்கு எதிராக அமையக்கூடும் என்று குறிப்பிட்டது. அந்தத் துறையில் ஏற்கெனவே இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எளிய குடும்பத்திலிருந்து படித்து முன்னேறி வந்த இளைஞருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. இருப்பதிலேயே நல்ல ஷூவைத் துடைத்து அணிந்துகொண்டு நேர்காணலுக்கு வந்து, ஏன் தேர்வாகவில்லை என்று தெரியாமலேயே திரும்பிப் போகிறார். திறமையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒன்று ஒரு மனிதரின் வாயிலை அடைப்பதை என்னால் நல்ல பழக்கம் என்று ஏற்க முடியவில்லை. சென்னை அலுவலகங்களிலும் எழுதப்படாத நிறவிதியை நாமாகவே உருவாக்கிக் காப்பாற்ற வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

நீங்கள் வாங்கிய ஷூவின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. முன்முனையில் உள்ள துளை வேலைப்பாடு ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டுப்புறக் காலணிகளிலிருந்து வந்தது. ஈரநிலத்தில் நடப்பவரின் ஷூவிலிருந்து தண்ணீர் வடிவதற்காகத் துளையிட்டார்கள் என்று சொல்வார்கள். இன்று அது வெறும் அழகு வேலையாக எல்லா நிதி நிறுவனங்களின் படிகளிலும் ஏறுகிறது. இரண்டு பக்கிள் வைத்த வடிவத்தை ஜான் லாப் என்ற ஷூ நிறுவனம் 1945இலேயே செய்திருக்கிறது. ஆண்கள் காலில் நிறம் வருவதும் புதுமை அன்று. 1701இல் ரிகோ வரைந்த உருவப்படத்தில் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகால் வைத்த காலணியோடுதான் நிற்கிறார்.

உங்கள் மேலாளரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். அவர் சரி என்று சொன்னால், முதல் சந்திப்பு, மூன்றாம் சந்திப்பு என்று பிரித்துப் பார்க்காமல் அணியுங்கள்.

மறுமொழி: ஆம்பூர் ஃபினிஷிங்

நான் ஆம்பூரில் ஷூ தொழிற்சாலை ஒன்றில் மேற்பூச்சுப் பிரிவில் இருக்கிறேன். எந்தச் சந்திப்புக்கு எது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. துணிச்சலான நிறம் என்றால் தோல் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இத்தகைய ஷூ பாந்தமாகத் தெரிவதும் பகட்டாகத் தெரிவதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

கறுப்பு, தோலின் குறையை மறைத்துவிடும். மெரூன், பச்சை, நீலம் போன்றவை மறைக்காது. தழும்பும் கீறலும் உள்ள தோலை வாங்கி, அதன் மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தி, மேலே கெட்டியாக நிறப்பூச்சு அடித்து விற்பார்கள். அது கடையில் கண்ணாடிபோல மின்னும், முழு ஷூவும் ஒரே நிறமாக இருக்கும். சில மாதங்களில் விரல்கள் மடங்கும் இடத்தில் பூச்சு வெடித்து, உள்ளிருந்து வெளிறிய கோடுகள் தெரியும். கறுப்பில் அந்தக் கோட்டைப் பாலிஷ் மூடிவிடும், மெரூனில் தூரத்திலிருந்தே தெரியும். மேற்பரப்பைத் தேய்க்காத நல்ல தோல் அப்படி இருக்காது. சாயம் உள்ளே இறங்கியிருப்பதால் முனையில் சற்றுக் கருத்தும் பக்கவாட்டில் சற்று வெளிறியும், ஒரே மெரூனுக்குள் பல மெரூன்கள் தெரியும். ஷூவின் பக்கவாட்டில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நுண்ணிய சுருக்கங்கள் பரவி, விரலை எடுத்ததும் மறைந்தால் நல்ல தோல். தடித்த மடிப்பாக விழுந்து அப்படியே நின்றால் பூச்சு கனம்.

எங்கள் பகுதியில் பெரும்பாலும் குரோமியம் உப்பால் பதனிட்ட தோல்தான். பதனிட்ட ஈரநிலையில் அது நீலமாக இருப்பதால் வெட் ப்ளூ என்போம், உலர்ந்து சாயத்துக்குத் தயாராகும் நிலையில் க்ரஸ்ட். இதற்கு முந்தைய முறை ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவது. அந்தத் தோல் வெளிர்நிறமாக வருவதால் சாயத்தை அழகாக ஏற்கும். ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் அதற்கு 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தமிழ்நாட்டில் இப்படி ஒரு தொழில் இருக்கும்போது, நிறமுள்ள ஷூ என்றால் வெளிநாட்டு நாகரிகம் என்று நம்மவர்களே ஒதுங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. உலகின் பல நாடுகளில் அலுவலகத்துக்கு அணியும் ஷூக்களை இங்கேதான் தைத்து அனுப்புகிறோம்.

கிண்டி கணக்கர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அழுத்திப் பார்த்தேன், சுருக்கம் உடனே மறைந்துவிட்டது. மேலாளரிடம் கேட்டேன். நிறுவனத்துக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் வாடிக்கையாளரின் இயக்குநர்கள் கூடும் நாளில் மட்டும் கறுப்பு அணியுங்கள் என்றார், அது எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆம்பூர் நண்பரிடம் இன்னும் இரண்டு ஐயங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைப் போட்டுக்கொண்டு போகலாமா, அல்லது பெட்டியில் பத்திரமாக வைத்துவிட வேண்டுமா? பேருந்து நிறுத்தம் அருகே அமர்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் கறுப்பு, பழுப்பு பாலிஷ் மட்டுமே இருக்கிறது. மெரூனுக்கு என்ன செய்வது?

மறுமொழி: ஆம்பூர் ஃபினிஷிங்

பாலிஷை நீங்களே வாங்கிக் கொடுங்கள், வேலையை அவர் நன்றாகவே செய்வார். அதே மெரூனிலோ ஒரு சாயல் வெளிர்ந்ததிலோ கிரீம் வாங்குங்கள், மேலே பளபளப்புக்கு நிறமற்ற மெழுகு மிகக் குறைவாகப் போதும். நிறமற்ற மெழுகு துளை வேலைப்பாட்டுக்குள் தங்கிவிட்டால், காய்ந்ததும் ஒவ்வொரு துளையிலும் வெள்ளைப் புள்ளி நிற்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துளைகளையும் பக்கிளின் அடிப்பக்கத்தையும் உலர்ந்த நிலையிலேயே தேய்த்தெடுங்கள். பக்கிளைச் சுற்றிப் பாலிஷ் சேர்ந்தால் பித்தளைப் பூச்சு கறுத்துப்போகும்.

கனமழை நாளில் தவிர்த்துவிடுங்கள். நனைந்துவிட்டால் வெயிலிலோ சூடான காற்றிலோ காட்டக் கூடாது, தோல் விறைத்துவிடும். அச்சு மை ஒட்டாத வெற்றுத்தாளை உள்ளே திணித்து, மின்விசிறிக் காற்றில் நிழலிலேயே உலர விடுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். ஒரு நாள் அணிந்தால் மறுநாள் ஓய்வு கொடுப்பது எல்லாத் தோல் ஷூவுக்கும் நல்லது, சென்னை வியர்வைக்குக் கட்டாயம்.

பெட்டியில் பூட்டி வைக்க மட்டும் வேண்டாம். அடைத்த அலமாரியில் தோலில் பூஞ்சை பிடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து சோலில் இருக்கிறது. இன்று விற்கும் பல ஷூக்களுக்குப் பாலியூரித்தேன் சோல். காற்றில் உள்ள ஈரம் அந்தப் பொருளை மெல்ல மெல்லச் சிதைக்கும். அணியாமல் சில ஆண்டுகள் புழுக்கத்தில் கிடந்த ஜோடியை விசேஷத்துக்கென்று எடுத்து மாட்டினால், நடக்கும்போதே சோல் பிஸ்கட்போல உதிர்ந்து விழும். மேல்தோல் புதிதாகவே இருக்கும். பழுதுபார்க்கக் கொண்டு வருபவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்களுடையது தைத்த தோல் சோல் என்றால் அந்தப் பயம் இல்லை, முன்பாதியில் மெல்லிய ரப்பர் ஒட்டிக்கொண்டால் வழுக்காது, தேய்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம். ஷூவின் விளிம்பையும் அடிப்பாகத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.