‘ஆர்கனாய்டு’: உறுப்புப்போலியா, உறுப்பு நாற்றா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

சிறுநீரக ஆய்வகங்கள் பொதுவில் பகிர்ந்து பயன்படுத்தும் ‘மாடல் சிஸ்டம்’ (மனித உறுப்புக்குப் பதிலாக வைத்து ஆராயும் செல் அல்லது உயிரி) என்பதற்கு ‘மாதிரி’, ‘ஆர்கனாய்டு’ (உறுப்பின் சாயலில் ஆய்வகத்தில் செல்களிலிருந்து வளர்க்கும் திசு உருண்டை) என்பதற்கு ‘உறுப்புப்போலி’ என்று, தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டது. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை.

என் அப்பாவுக்குக் கும்பகோணத்தில் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். அங்கே மாதிரி என்றால் பெயர் ஒட்டிய குப்பி: சிறுநீர் மாதிரி, இரத்த மாதிரி. நான் எழுதி வைத்திருந்த ‘சிறுநீரக மாதிரி’ என்ற வரியை அம்மா படித்துவிட்டு, “ஊசி விட்டு எடுப்பாங்களே, அந்தத் துண்டா?” என்று கேட்டாள். அவள் தப்பாகப் படிக்கவில்லை. அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. 1958-இல் ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து இன்றும் பல நாட்டு ஆய்வகங்களில் வளர்க்கும் எம்.டி.சி.கே. செல்களும் சரி, இரண்டே நெஃப்ரானோடு (சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்ணலகு) நீந்தும் வரிக்குதிரை மீன் குஞ்சும் சரி, நம் சிறுநீரகத்துக்கு ஒப்பாக வைத்துப் பார்க்கப்படுபவை. ‘ஆய்வொப்பு’ என்றால் போதும்.

ஆர்கனாய்டுக்குத்தான் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. போலி என்றதும் போலி மருந்து, போலி டாக்டர் ஞாபகம் வருகிறது. இதுவோ உயிருள்ள திசு. 2015-இல் மெல்போர்ன் குழு காட்டிய முறையில், குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) 7 நாள் தட்டில் படரவிட்டு, திரட்டி உருண்டையாக்கி, சல்லடைத்தாளின் மேல் இன்னும் 18 நாள் வளர்த்தார்கள். வடிகட்டும் முடிச்சும் நுண்குழாயும் தாமே உருவாகின. மொத்தம் 25 நாள். மன்னார்குடிக்காரனான எனக்கு இதைப் படித்ததும் பாய் நாற்றங்கால்தான் கண்ணில் நின்றது: தட்டில் விதைத்து, பாய் போலச் சுருட்டி எடுக்கும் அந்தப் பச்சை.

அதனால் ‘உறுப்பு நாற்று’. சிறுநீரகத்துக்கு ‘சிறுநீரக நாற்று’. பயிரின் சாயல் எல்லாம் இருக்கும், ஆனால் முதிராதது. ஆர்கனாய்டும் கருவிலிருக்கும் பிள்ளையின் சிறுநீரகப் பருவத்தைத் தாண்டுவதில்லை. இரத்த ஓட்டம் கிடையாது. நெஃப்ரான்கள் உருவாகின்றன, அவற்றின் நீர் வெளியேறப் பொதுவான வடிகால் இல்லை. எலியின் சிறுநீரக உறைக்குக் கீழே வைத்தால் இரத்தக்குழாய் ஓடி இன்னும் முதிர்கிறது. நடவு வயலில் வேர் பிடிப்பது போலத்தான் இதுவும். பல ஆய்வகங்களுக்கும் சேர்த்து ஓரிடத்தில் வளர்த்துக் கொடுத்தால் என்ன பெயர் என்று யாரும் தேட வேண்டாம். ‘சமுதாய நாற்றங்கால்’ டெல்டாவில் புழங்கும் சொல்தானே.

*

தம்பிக்கு வணக்கம்.

முப்பது வருஷம் உயிரியல் நடத்தியவள் என்ற முறையில் இரண்டு தடை சொல்கிறேன். ஒன்று, நாற்று என்றால் நடுவதற்கு என்றுதான் அர்த்தம். டயாலிசிஸ் கட்டிலில் கிடப்பவர் ‘சிறுநீரக நாற்று’ என்று படித்தால், தனக்கு வைக்கப்போகிறார்கள் என்று நினைக்க மாட்டாரா? இவை இப்போதைக்குப் பயன்படுவது நோய் எப்படி வருகிறது என்று பார்க்கவும், ஒரு மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்று சோதிக்கவும்தான். இரண்டு, நோயாளியின் புற்றுக்கட்டியிலிருந்து வளர்ப்பதும் ஆர்கனாய்டுதான். அதையும் நாற்று என்பீர்களா? நாற்று நாம் ஆசையாக வளர்ப்பதல்லவா? ஆய்வொப்புக்கு என் சம்மதம் உண்டு.

*

டீச்சர், வணக்கம்.

இரண்டாவது தடைக்கு என்னிடம் பதில் இல்லை. புற்றுக்கு இந்தச் சொல் வேண்டாம். ‘கட்டி வளர்ப்பு’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் உள்ளதும் கெட்டுப்போகும்.

முதல் தடை என்னையும் உறுத்தியதுதான். ‘ஆய்வகத்தில் குட்டிச் சிறுநீரகம்’ என்ற தலைப்போடு யாரோ அனுப்பிய செய்தியைப் பக்கத்துக் கட்டில்காரர் செல்போனில் காட்டி, “இது நம்ம ஊருக்கு எப்ப தம்பி வரும்?” என்று கேட்டிருக்கிறார். ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்கு வடித்து, ஒன்றரை லிட்டர் போக மீதியை இரத்தத்துக்கே திருப்பித் தரும் உறுப்பு அது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான். சில மில்லிமீட்டர் உருண்டைக்கும் அதற்கும் உள்ள தூரத்தை ‘குட்டி’ என்ற சொல் மறைத்துவிடுகிறது. நாற்று மறைக்காது என்று நம்புகிறேன். நாற்றுக்கும் களத்துமேட்டு நெல்லுக்கும் நடுவில் மேட்டூர்த் தண்ணீர், களை, புகையான், ஐப்பசி மழை என்று எத்தனை இருக்கிறது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சோதித்துப் பார்க்கவும் செய்தேன். நேற்று ராத்திரி திருத்திய வரியை மறுபடி அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தாள்.

“நட்டாச்சா?” என்றாள்.

“இல்லம்மா, மிருகங்கள்ல மட்டும் வச்சுப் பாத்திருக்காங்க. மத்தபடி நாத்தங்கால்லதான் நிக்குது.”

“அப்ப நாளு இருக்கு,” என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.